சங்குத்தாழையில் வராத தேதிகள்

சங்குத்தாழையில் அந்த ஆண்டு அக்டோபர் பதினேழாம் தேதி வரவில்லை. பதினாறாம் தேதி ஜெபமாலை சொல்லி, சாப்பிட்டுப் படுத்த ஊர், கண் விழித்தபோது பதினெட்டாம் தேதி காலையாக இருந்தது. முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பால் திரிந்து போயிருந்ததையும், கோழிகள் பசியில் கத்தியதையும், கடலில் விரித்துவிட்டு வந்த வலைகளில் மீன் ஊறிக் கெட்டுக் கிடந்ததையும் அவரவர் தனித்தனியே பார்த்துத் தனித்தனியே சலித்துக்கொண்டார்கள். திசையன்விளையிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர்தான், "நேத்து ஊரோட எங்க போயிட்டிய? ஆறு டிரிப்பு அடிச்சோம், ஒரு தலையக் காணும். கதவெல்லாம் சாத்திக் கெடக்கு, நாய்கூட எந்திரிக்கல" என்று கேட்டு, ஊருக்கு ஒரு நாள் குறைந்திருப்பதைத் தெரியப்படுத்தினார்.

ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெளியூரிலிருந்து வரும் இரண்டு டீச்சர்கள் அன்று பள்ளிக்கு வந்து, மாலைவரை காலி வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆப்சென்ட் போட்டுப் போயிருந்தார்கள். அந்த ஆப்சென்ட்டை என்ன செய்வதென்று தலைமை ஆசிரியர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. அக்டோபர் பதினேழில் பிறந்தவர்கள் ஊரில் நான்கு பேர்; அவர்களில் மூவர் தங்களுக்கு அந்த ஆண்டு வயது ஏறவில்லை என்று சாதித்தார்கள், நான்காமவரான தொமிங்கு மாமா, முதியோர் பென்ஷன் ஒரு வருடம் தள்ளிப்போய்விடும் என்று பயந்து, தனக்கு மட்டும் ஏறிவிட்டது என்றார். பதினேழைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்த ஒரு பெரியவர் தாண்டிவிட்டார், அதன்பிறகு பதினோரு மாதம் இருந்தார். அன்று தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கும், திருநெல்வேலிக்குத் துணி எடுக்கப் போய்த் தங்கியவர்களுக்கும் அந்தத் தேதி எல்லாரையும்போல விடிந்து எல்லாரையும்போல முடிந்திருந்தது. ஊர் எல்லைக்குள் படுத்தவர்களுக்குத்தான் இல்லை.

அது சாதாரண நாளாக இல்லாமல் போனது ஒருத்திக்கு மட்டும்தான். கருவாட்டு வியாபாரம் செய்யும் செலஸ்டினாவின் கணவன் கில்பர்ட் கொரைரா அன்றுதான் ஊர் திரும்புவதாக இருந்தது, மறுநாள் பதினெட்டாம் தேதி அவர்களுடைய ஒரே மகள் ரோசில்டாவுக்குக் கல்யாணம் என்று மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தாகியிருந்தது.

சங்குத்தாழை ஆண்களில் பாதிப்பேர் கப்பலுக்குப் போகிறவர்கள். கோயில் முகப்பில் அவர்களுக்கென்று ஒரு கரும்பலகை உண்டு, அதற்கு வரவுப் பலகை என்று பெயர். கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு வருகிறவனின் பெயரையும் தேதியையும் உபதேசியார் அதில் சாக்பீஸால் எழுதுவார். அந்தத் தேதிவரை காலைப் பூசையில் அவன் பெயருக்கு ஒரு மன்றாட்டு நடக்கும். வந்து இறங்கியவன் வீட்டுப்படி ஏறுமுன் கோயிலுக்குப் போய்த் தன் பெயரைத் தன் உள்ளங்கையால் அழிக்க வேண்டும், வேறு கை படக்கூடாது. தாமதமாகிறவன் முன்னதாகவே சொல்லியனுப்புவான், உபதேசியார் தேதியை மட்டும் திருத்துவார். கடலில் செத்துப்போனவனின் பெயரைப் பங்குச்சாமியார் ஈரத்துணியால் துடைத்து அன்றே பூசை வைப்பார். பலகை மாட்டிய அறுபது ஆண்டுகளில், சொன்ன தேதியில் வராமலும், சொல்லியனுப்பாமலும், சாகாமலும் இருந்தவன் ஒருவன்கூட இல்லை. கில்பர்ட்தான் முதல் ஆள். அவன் பெயரை அழிக்க யாருக்கும் உரிமை இல்லாததால் அது அங்கேயே இருந்தது, அந்தத் தேதிதான் ஊரை விட்டுப் போய்விட்டது.

கில்பர்ட் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயிலராகப் போனவன். கப்பலின் முதலாளி கைவிட்டுவிட, ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் கப்பல் சிறைப்பட்டு நின்றது. அதே கப்பலில் இருந்த சங்குத்தாழைக்காரர் மூன்று பேர் எட்டாவது மாதம் திரும்பிவிட்டார்கள். "கில்பர்ட் காவலுக்கு நிக்கான் மைனி, கேஸு முடிஞ்சதும் வந்திருவான்" என்று மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். பிறகு கில்பர்ட்டின் போன் அடங்கிப்போனது. செலஸ்டினாவிடம் மிஞ்சியது அந்தத் துறைமுகத்துக் கப்பல் ஏஜென்ட் ஒருவரின் ஆபீஸ் எண் மட்டும், எடுத்தவர்களுக்கு ஸ்பானிஷ் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஊரில் ஸ்பானிஷ் தெரிந்தவர் ஒரே ஆள். பொலிவியா தேசத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த மடத்து சிஸ்டர் எவுலாலியா. செலஸ்டினா மடத்துக்குப் போய் எண்ணைப் போட்டுக் கொடுப்பாள், சிஸ்டர் பேசுவார், தலையாட்டுவார், ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொள்வார், போனை வைத்துவிட்டுத் தேதி சொல்வார். அக்டோபர் பதினேழு அப்படி வந்தது.

அடுத்து வந்தது ஜனவரி இருபது. செலஸ்டினா மறுபடியும் பந்தலுக்குச் சொல்லி, மறுபடியும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தேதி சொல்லிவிட்டு வந்தாள். ஜனவரி பத்தொன்பதில் படுத்த ஊர் இருபத்தொன்றில் எழுந்தது. அதற்கடுத்தது பிப்ரவரி பன்னிரண்டு, தவக்காலம் தொடங்குமுன் கடைசி வாய்ப்பு, அதுவும் அப்படியே ஆனது.

இதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. பலகையில் கில்பர்ட்டின் தேதி திருத்தப்பட்டதும் பெண்கள் அதைக் காலண்டரில் மஞ்சள் வைத்து அடையாளம் செய்தார்கள். முந்தின நாள் மாலை பாலை உறையூற்றினார்கள், கோழிக்கு இரண்டு நாள் இரை வைத்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளுக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துப் போட்டார்கள். வலைகள் கரைக்கு வந்தன. மாசமாக இருந்த ஒருத்தியைப் புருசன் வீட்டார் முந்தின நாளே தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறக்கிற பிள்ளை தேதியில்லாமல் பிறக்க வேண்டாம் என்று. அந்த நாளுக்குக் கொரைரா நாள் என்று பெயரும் விழுந்தது. இரண்டு நாள் உறக்கத்தை ஒன்றாக உறங்கி எழுந்ததில் மூட்டுவலி குறைந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

மூன்றாவது நாளும் போன பிறகு, ஊர்க்கமிட்டித் தலைவர் பெனடிக்ட் மச்சாதும் இன்னும் நாலு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மடத்துக்குப் போய் ஒரு மணிநேரம் சிஸ்டரிடம் பேசிவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று வெளியே வரவில்லை. அடுத்த தேதி மே பன்னிரண்டு என்று வந்தது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரையில் ஒரு வேலையும் கிடையாது, பள்ளிக்கூடம் லீவு, திருவிழா எதுவும் கிடையாது. ஊர் மூச்சுவிட்டது. செலஸ்டினாவுக்கும் சந்தோஷம்தான். "பாரு, ஊருக்குத் தொந்தரவு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லியிருக்காவ. அங்கெ உக்காந்துட்டும் நம்ம ஊர் ஞாபகந்தான் அவியளுக்கு" என்று ரோசில்டாவிடம் சொன்னாள். ரோசில்டா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்று தேதி தவறியதில் செலஸ்டினா கண்டுபிடித்த குற்றம், கேட்கிற விதத்தில் இருந்தது. சிஸ்டர் மரியாதைக்காரர், ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிப்பதுபோல விசாரிப்பார். மீன் ஏலத்தில் நின்று பழகிய தான் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும் என்று அவள் நம்பினாள். எந்தக் கிழமை, எந்த மாதம், எத்தனை மணி விமானம் என்று இடைவெளி விடாமல் கேட்டால் ஒரு மனிதன் நழுவ முடியாது. பிப்ரவரி கடைசியில் மடத்துக்குப் போய் நின்றாள்.

"எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக் குடுங்க சிஸ்டர்."

"இந்த வயசுலயா செலஸ்டினா? அது கடல் மாதிரி."

"கடல் முழுக்க எனக்கு எதுக்கு? நாளு, கிழமை, மாசம், மணி. வேற ஒரு வார்த்தை வேண்டாம்."

சிஸ்டர் நாலு மணிக்கு வரச் சொன்னார். புதன்கிழமை வருமுன் அலுத்துப்போய்விடுவாள் என்று நினைத்துத்தான் சம்மதித்ததாகப் பிற்பாடு சொன்னார்.

அவளுக்கு அலுக்கவில்லை. மடத்துச் சாப்பாட்டு மேசையில் தினமும் நாலு மணிக்கு உட்கார்ந்து லூனெஸ் திங்கள், மார்த்தெஸ் செவ்வாய், மியேர்க்கொலெஸ் புதன் என்று தொடங்கினாள். வியாழனுக்கு ஹூவேவெஸ் என்று வாயைக் குவித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சாபதோ என்றால் சனி, தொமிங்கோ என்றால் ஞாயிறு என்றதும், "எங்க தொமிங்கு மாமாவுக்கு ஞாயித்துக்கிழமைன்னா பேரு? அதான் ஆறு நாளும் ஒரு வேலையும் செய்யாம இருக்காவ" என்றாள், சிஸ்டரும் அடக்கமாட்டாமல் சிரித்தார். எனேரோவிலிருந்து திசியெம்ப்ரேவரை பன்னிரண்டு மாதங்களையும் உப்புப் பெட்டியின் மூடியில் கரியால் எழுதிவைத்து, நெத்திலியைப் புரட்டிப்போடும்போது மேலிருந்து கீழும், வாளையைப் புரட்டும்போது கீழிருந்து மேலும் சொன்னாள். உப்பு போட்ட நாளைக் கூடைகளில் ஸ்பானிஷில் எழுதினாள். மார்ச் மாதத்தில் சங்குத்தாழைப் பெண்கள் கருவாடு வாங்கும்போது, "மார்த்தெஸ் கூடையா, சாபதோ கூடையாட்டி? சாபதோன்னா உப்பு ஏறியிருக்காது" என்று பேரம் பேசுகிற அளவுக்கு அந்தச் சொற்கள் தெருவுக்கு வந்துவிட்டன. ஏப்ரலில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை தேதி சொல்லவும், கடிகாரத்தைக் கால், அரை, முக்கால் என்று படிக்கவும், இத்தனை நாள் முன்பு, இத்தனை வருடம் முன்பு என்று சொல்லவும் கற்றுக்கொண்டாள். அவள் நாக்கில் அந்த மொழி, மனிதர்களோ சாமான்களோ இல்லாமல் வெறும் காலமாக மட்டும் இருந்தது. யாரோடும் சண்டை போடவோ சாப்பாடு கேட்கவோ அதில் அவளுக்குத் தெரியாது. எப்போது என்று கேட்க மட்டும் தெரியும்.

மே எட்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, அங்கே காலை பத்தரை என்று கணக்குப் போட்டுக்கொண்டு, சிஸ்டரிடம் சொல்லாமல் தன் வீட்டிலிருந்தே போன் போட்டாள். பன்னிரண்டாம் தேதி எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் சொல்லிவிடலாம், அதோடு சிஸ்டரை அசத்தியும்விடலாம். ஏஜென்ட்தான் எடுத்தார். அவள் கில்பர்ட் கொரைரா என்று பெயர் சொன்னாள். பிறகு, கே தியா, கே மெஸ், கே ஓரா: எந்த நாள், எந்த மாதம், எத்தனை மணி. அந்த மனிதர் பெருமூச்சு விட்டது கேட்டது. நிதானமாக, நெடுநேரம் பேசினார். செலஸ்டினா கையில் பென்சிலோடு, ஓடுகிற தண்ணீரில் மீனுக்குக் காத்திருப்பதுபோல, அந்தப் பேச்சில் ஒரு கிழமைக்கும் ஒரு மாதத்துக்கும் காத்திருந்தாள். ஒரு கிழமைகூட வரவில்லை. ஒரு மாதம்கூட வரவில்லை. தோஸெ தெ மாயோ, மே பன்னிரண்டு, என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். அவர் இல்லை இல்லை என்றார். அவர் சொன்னதில் அவளுக்குத் தெரிந்த சொற்கள் மூன்றுதான், மூன்றும் சேர்ந்து வந்தன: அஸே தோஸ் அஞ்ஞோஸ். இரண்டு வருடங்களுக்கு முன்பு. பிறகு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார், தேதி இருக்கவேண்டிய இடத்தில் அது இருந்தது, அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. உப்புப் பெட்டி மூடியில் எழுதிக்கொண்டாள்.

நாலு மணி வகுப்புக்கு அந்த மூடியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

"நுங்கான்னா எந்தக் கிழமை சிஸ்டர்? நீங்க சொல்லித் தந்ததுல அது இல்ல."

சிஸ்டர் எவுலாலியா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாரு சொன்னா?"

"ஏஜென்ட்டு. எப்ப வாருவாகன்னு கேட்டேன். நுங்கா, நுங்கான்னு நாலுவாட்டி சொன்னாரு."

"அது கிழமை இல்ல செலஸ்டினா."

"மாசமா?"

"ஒருபோதும் இல்லைன்னு அர்த்தம்."

மேசையில் சாயங்காலக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. செலஸ்டினா, "ரெண்டு வருசம் முன்னாலன்னும் சொன்னாரு. எது ரெண்டு வருசம் முன்னால?" என்று கேட்டாள்.

சிஸ்டர் சொன்னார். கில்பர்ட் கப்பலை விட்டு இறங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த ஊரிலேயே ஒரு பெண்ணோடு வீடு எடுத்து இருக்கிறான், இந்தியாவிலிருந்து போன் வந்தால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவைத்திருக்கிறான். போன அக்டோபரில் முதல் போனிலேயே ஏஜென்ட் இவ்வளவையும் சொல்லிவிட்டார். மற்ற மூன்று போன்களிலும், உங்களுக்கு எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொண்டார்.

"அப்போ அக்டோபர் பதினேழு?"

"நான் சொன்னது."

"ஜனவரி இருபது?"

"நாந்தான்."

"பிப்ரவரி பன்னிரண்டும்?"

"மொத போன் போட்ட அன்னைக்கு நீ உன் மகளோட கல்யாணச் சேலையக் கொண்டுவந்து எனக்குக் காட்டின. மூணாவது ஓலை வாசிச்ச கையோட வந்திருந்த. எனக்கு வாய் வரல. ஒரு தேதியச் சொன்னா அதுவரைக்காவது நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். வரப்போற ஆள் வராமப் போறது சகஜம்தான. கொஞ்சம் கொஞ்சமா நீயே புரிஞ்சுக்குவேன்னு..."

"மே பன்னிரண்டும் நீங்கதானா?"

சிஸ்டர் கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். "அது மச்சாது கேட்டது. தேதி போறதுதான் போகுது, தடைக்காலத்துல போகட்டும்னு கமிட்டி வந்து கேட்டாங்க."

செலஸ்டினா எழுந்தாள். மேசையில் கிடந்த காகிதம் ஒன்றை இழுத்து, கில்பர்ட் இருக்கும் வீட்டின் போன் எண் தெரியுமா என்று கேட்டாள். சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது போனிலேயே ஏஜென்ட் கொடுத்திருந்தார்.

மடத்திலிருந்து அவள் வீடு எட்டு நிமிட நடை. அன்று அதற்கு ஒன்றரை மணிநேரம் ஆனது, ஏனென்றால் வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள்: ஒமக்குத் தெரியுமா? உபதேசியார் தெரியாது என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் பெட்டியைத் தேடுவதுபோல உள்ளே போனார். தொமிங்கு மாமா, "எல்லாருக்கும் தெரியும்னுதான் எனக்குத் தெரியும்" என்றார். கப்பலிலிருந்து திரும்பிய மூன்று பேரில் இருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். தலையைத் தூக்கவில்லை, கைகளை நிறுத்தவும் இல்லை. மார்த்தெஸ் கூடைக்குப் பேரம் பேசிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாகத் தெரிந்திருந்தது. அவளுக்கு முன்னால் காலண்டரில் மஞ்சள் வைத்ததும், பாலை உறையூற்றியதும், அவன் பெயருக்குக் காலையில் மன்றாடியதும் தெரிந்துகொண்டே செய்தவை.

மச்சாதுதான் பேசினார்.

"ஏளா செலஸ்டி, கோவப்படாம கேளு. உன் மனசு நோகக் கூடாதுன்னு ஊரே சேந்து மூணு நாளக் குடுத்திருக்கோம். இன்னும் ஒண்ணும் குடுக்கப்போறோம். எந்த ஊர்ல செய்வான் இப்படி? ஒரு நாளுன்னா எத்தன படகு, எத்தன வலை!"

"நான் கேட்டனா அண்ணாச்சி?"

"கேட்டாத்தான் செய்யணுமா?"

"உண்மையச் சொல்லியிருந்தா ஒரு நாளும் போயிருக்காது. அரைமணி நேரம் போயிருக்கும். நான் அழுது முடிக்கிற நேரம்."

மச்சாது வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பெண்களிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்.

வீட்டில் ரோசில்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வியை இவளிடம் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"உனக்கும் தெரியுமாட்டி?"

ரோசில்டா மடித்த சேலையை மறுபடி விரித்தாள்.

"ஜனவரிலயே. லியாண்டர் சொன்னாவ." லியாண்டர் என்பது அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, கூத்தங்கரையில் ஐஸ் பிளாண்டில் வேலை. "சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ கூடையெல்லாம் லூனெஸ் மார்த்தெஸ்னு எழுத ஆரம்பிச்சுட்ட. ராத்திரி உறக்கத்துலகூட மாசம் சொன்ன. எனக்குப் பயமா இருந்துச்சு."

"உனக்குக் கல்யாணம் வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்பா இல்லாம?"

"நீதான அப்பா வரட்டும் அப்பா வரட்டும்னு இருந்த. என்கிட்ட யாரு கேட்டா?"

செலஸ்டினா அன்று அழவில்லை. அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், அவளுக்காக ஊர் இன்னொரு நாளைக் கொடுக்க முன்வரும். மறுநாள் மூன்று மணிக்குச் சிஸ்டர் எழுதிக் கொடுத்த எண்ணைப் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். அவள் என்னென்னவோ கேட்டாள். செலஸ்டினாவிடம் அந்தப் பெண்ணைத் திட்ட ஒரு சொல் இல்லை, தான் யார் என்று சொல்லவும் ஒரு சொல் இல்லை. இருந்ததைக் கொடுத்தாள். கில்பர்ட் கொரைரா என்று சொல்லிவிட்டு, தன் கல்யாணத் தேதியைச் சொன்னாள்: தோஸ் தெ ஹூனியோ, தோஸ் மில் உனோ. இரண்டாயிரத்து ஒன்று ஜூன் இரண்டு. அடுத்து, ரோசில்டா பிறந்த தேதியைச் சொன்னாள், நாளும் மாதமும் வருடமும். அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அதன்பின் அந்தப் பெண், பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிடப்பட்டவள்போல, ஒரு தேதி சொன்னாள்: இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்ச் பதினான்கு. செலஸ்டினா காத்திருந்தாள். அந்தப் பெண் தணிந்த குரலில் இரண்டாவதாக ஒரு தேதி சொன்னாள், போன மாதம் மூன்றாம் தேதி. எங்கோ உள்ளறையில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அதற்குமேல் சொல்லிக்கொள்ளத் தேதிகள் இல்லை. பிறகு அந்தப் பெண் யாரையோ மிக உரக்கக் கூப்பிட்டாள், அந்தக் குரலில் இருந்ததைப் புரிந்துகொள்ள செலஸ்டினாவுக்கு மொழி தேவைப்படவில்லை.

"யாரு?" என்றது தமிழில். பிறகு, "செலஸ்டியா? ஏய், நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாத, எல்லாம் நான் நேர்ல வந்து சொல்லுதேன். நான் வாரேன். நெசமா வாரேன். ஆகஸ்டு..."

அவன் தேதியைச் சொல்லுமுன் அவள் போனை வைத்துவிட்டாள். சொல்லியிருந்தால் அந்தத் தேதி அவள் காதுக்குள் வந்திருக்கும், பலகை இல்லாமலே அவள் அதற்குக் காத்திருக்கத் தொடங்கியிருப்பாள்.

மே பத்தாம் தேதி லியாண்டர் வீட்டாரிடம் போனில் பேசி முடித்துவிட்டு, அவள் பங்குச்சாமியாரிடம் போய், ஓலை வாசித்தாகிவிட்டது, தடையில்லை என்று கூத்தங்கரைப் பங்குக்கு ஒரு கடிதம் கேட்டாள். சாமியாருக்கும் தெரிந்திருந்ததால் எதற்கென்று கேட்காமல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பதினொன்றாம் தேதி மாலை ஊர் வழக்கம்போல் கொரைரா நாளுக்குத் தயாரானது. பால் உறையேறிக்கொண்டிருந்தது, கோழிகளுக்கு இரண்டு நாள் இரை விழுந்துகொண்டிருந்தது. உண்மை வெளியே வந்துவிட்ட பிறகும் தேதியை எப்படித் திருத்துவதென்று உபதேசியாருக்குத் தெரியவில்லை, திருத்தச் சொல்ல வேண்டியவன் கில்பர்ட் அல்லவா என்று மச்சாதும் சொல்லிவிட்டார். அது பலகையில் அப்படியே இருந்தது. செலஸ்டினாவும் ரோசில்டாவும் ஒரு பெட்டியோடு ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினார்கள். எங்கே என்று கேட்டவர்களுக்கு, துணி எடுக்க என்றாள். இந்த நேரத்தில் துணி என்ன துணி, மனசு சரியில்லாமல் போகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டு, விளக்கணைத்துப் படுத்தது.

கூத்தங்கரையில் மே பன்னிரண்டு விடிந்தது. நல்ல வெயில் அடித்தது. காலைப் பூசையில் லியாண்டரின் அம்மா, "சம்பந்தக்காரி ஊர்ல இருந்து ஒருத்தரையும் காணுமே?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் தூங்குதாவ மைனி" என்று செலஸ்டினா உள்ளதைச் சொன்னாள். தகப்பன் பெண்ணைக் கூட்டிப்போய் விடவேண்டிய இடத்தில் அவள் ரோசில்டாவின் கையைப் பிடித்துப் பீடம்வரை நடந்தாள். ஜனவரியிலேயே தெரியும் என்பது அவர்களுக்கு நடுவே நடந்து வந்தது. கையை மாப்பிள்ளையிடம் கொடுத்தபோது ரோசில்டா, "அம்மா" என்றாள், செலஸ்டினா அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள்.

பதின்மூன்றாம் தேதி காலை சங்குத்தாழை எழுந்து, முகம் கழுவி, கைவிடப்பட்ட ஒருத்திக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தது. நல்ல மனதோடுதான் யோசித்தது. கல்யாணத்தை ஊரே முன்னின்று நடத்திவைப்பது என்று கமிட்டி முடிவெடுத்து, பந்தல், சமையல், பேண்டு செட் எல்லாவற்றுக்கும் ஆள் பிரித்துக்கொண்டு, சிஸ்டர் எவுலாலியாவையும் முன்னால் நிறுத்தி, மச்சாது தலைமையில் பத்துப் பதினைந்து பேராக அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் அப்போதுதான் தனியாக வந்து, முற்றத்தில் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பழசெல்லாம் போகட்டும் செலஸ்டி" என்றார் மச்சாது. "இனிமே ஒருத்தன் சொல்லுற தேதிக்கு நீ நிக்க வேண்டாம். ஊரு நாங்க இருக்கோம். ரோசிக்குக் கல்யாணம் என்னைக்கின்னு மட்டும் சொல்லு, அந்த நாள ஒருத்தனும் தொட முடியாது."

சிஸ்டரும் ஓரடி முன்னால் வந்தார். "நானும் வந்து நிக்கிறேன். என்னைக்குன்னு சொல்லு செலஸ்டினா."

செலஸ்டினா நிமிர்ந்து, மற்ற யாரையும் பார்க்காமல், சிஸ்டரைப் பார்த்து, "அயேர்" என்றாள்.

கூட்டத்தில் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. அது கூடைகளில் எழுதப்பட்டதில்லை. "என்ன சொல்லுதா? எந்தத் தேதியாம்? சிஸ்டர், என்ன சொல்லுதா அவ?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். செலஸ்டினா குனிந்து, ஒரு வாளைக் கருவாட்டை எடுத்து மறுபக்கம் புரட்டிப் போட்டுவிட்டு, பதிலுக்காகத் தானும் காத்திருப்பதுபோல நின்றாள்.

"நேத்து" என்றார் சிஸ்டர் எவுலாலியா. "நேத்து முடிஞ்சிடுச்சுன்னு சொல்றா."

அவள் விஷயத்தில் ஊர் முன்னால் அவர் உள்ளதை உள்ளபடியே மொழிபெயர்த்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.